சார்ஜென்ட் ஃப்ரைடேவை எங்கிருந்து தொடங்குவது: வானொலியா, கறுப்பு வெள்ளையா, வண்ணமா?

பழைய அமெரிக்கத் தொடர்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியவர்கள் இன்றோ நாளையோ 'டிராக்நெட்' என்ற பெயரில் வந்து நிற்பார்கள். இரண்டு காவல் அதிகாரிகள், ஒரு வழக்கு, வீடு வீடாக விசாரணை, கடைசியில் தீர்ப்பு என்று இன்று எல்லா நாட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் விசாரணைத் தொடர்களுக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது அதுதான். அதை உருவாக்கியவர், தயாரித்தவர், இயக்கியவர், அதில் சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடேவாக நடித்தவர் எல்லாம் ஒரே ஆள்: ஜாக் வெப்.

சிக்கல் என்னவென்றால் டிராக்நெட் ஒன்றாக இல்லை. 1949 ஜூன் மாதம் தொடங்கி 1957 வரை வானொலியில் ஓடிய டிராக்நெட் உண்டு. 1951 டிசம்பரில் முன்னோட்டமாகத் தலைகாட்டி 1959 வரை தொலைக்காட்சியில் வந்த கறுப்பு வெள்ளை டிராக்நெட் உண்டு. 1954-ல் ஒரு திரைப்படம். 1967 முதல் 1970 வரை வண்ணத்தில் மறுபடியும் ஒரு தொடர். அரை மணி நேர நிகழ்ச்சிகளாகவே அறுநூறுக்கு மேல் தேறும். இவை போதாதென்று வெப் இயக்கிய வேறு படங்கள், தயாரித்த வேறு தொடர்கள், எழுதிய ஒரு புத்தகம். வேலைக்குப் போய் வந்து இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும் மனிதர் எதை எடுப்பது?

என் பதிலை ஒளித்து வைக்கப் போவதில்லை. வானொலியில் தொடங்குங்கள், அதிலும் 1949 முதல் 1951 வரை வந்தவற்றில். பெரும்பாலானவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். வண்ணத் தொடர்தான் எளிதில் கண்ணில் படுகிறது, படமும் பளிச்சென்று இருக்கிறது. இரண்டு பகுதி பார்த்ததும், விறைத்த முகத்தோடு இளைஞர்களுக்குப் புத்தி சொல்லும் ஒரு நடுத்தர வயதுக்காரர்தான் ஜாக் வெப் என்று முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு வண்ணத் தொடர் நிறையவே காரணம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவர் வானொலியில் செய்த காரியத்தை அதை வைத்து எடை போட முடியாது.

அந்த இளைஞர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1920 ஏப்ரல் 2 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தார். தந்தையின் முகம் தெரியாது. தாயும் பாட்டியும் லாஸ் ஏஞ்சலஸின் பங்கர் ஹில் பகுதியில் வறுமையோடு மல்லுக்கட்டி வளர்த்தார்கள். ஆஸ்துமா தொல்லை வேறு. அவர்கள் நடத்திய வாடகை அறைகளில் தங்கியிருந்த ஜாஸ் கலைஞர் ஒருவர் பையனுக்கு பிக்ஸ் பைடர்பெக்கின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுக்க, ஜாஸ் பைத்தியம் அன்று பிடித்தது, சாகும்வரை விடவில்லை. போர்க்காலத்தில் விமானப் படையில் சேர்ந்து, விமானியாகத் தேறாமல், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர் என்ற காரணத்தால் விடுவிக்கப்பட்டார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் வானொலி வேலை. 1946-ல் 'பாட் நொவாக் ஃபார் ஹையர்' என்ற துப்பறியும் நாடகத்தில் நடித்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் உவமை, பேச்சுக்குப் பேச்சு நக்கல் என்று காரம் தூக்கலான நாடகம் அது. அதையும் டிராக்நெட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே குரல் என்று நம்பச் சிரமமாக இருக்கும். உவமை சொல்லத் தெரியாததால் வறண்ட நடைக்குப் போனவர் இல்லை இவர். எல்லா அலங்காரத்தையும் செய்து பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தவர்.

திருப்பம் 1948-ல் வந்தது. 'ஹி வாக்ட் பை நைட்' என்ற படத்தில் தடய ஆய்வகப் பணியாளராகச் சிறு வேடம். அந்தப் படத்துக்கு ஆலோசகராக வந்திருந்தவர் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் சார்ஜென்ட் மார்ட்டி வின். வானொலியிலும் சினிமாவிலும் வரும் காவலர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது, வழக்குக் கோப்புகளை வைத்தே ஏன் ஒரு நிகழ்ச்சி செய்யக்கூடாது என்று அவர் கேட்டிருக்கிறார். வெப் அதைப் பிடித்துக்கொண்டார். இரவு ரோந்து வண்டியில் அதிகாரிகளோடு சுற்றினார். அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிச் சலித்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தார். அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று என்பிசி வானொலியில் டிராக்நெட் ஒலித்தது.

இனி அதன் சங்கதிக்கு வருவோம். நீங்கள் கேட்கப் போகும் கதை உண்மையானது, அப்பாவிகளைக் காப்பதற்காகப் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன என்ற அறிவிப்போடு நிகழ்ச்சி தொடங்கும். பிறகு ஃப்ரைடேவின் குரல். இன்ன கிழமை, இன்ன தேதி, லாஸ் ஏஞ்சலஸில் இன்று வெயில், கொள்ளைப் பிரிவில் பகல் பணியில் இருந்தோம், என் கூட்டாளி பென் ரொமேரோ, மேலதிகாரி இன்னார், என் பெயர் ஃப்ரைடே. நிலைய டைரியில் எழுதுவது போன்ற வாக்கியங்கள். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஒரு கொலையைப் பற்றிப் பேசும்போதும் குரல் அதே மட்டத்தில் நிற்கும். கேட்பவருக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

ஒலிகளில் வெப் காட்டிய பிடிவாதம் பிரசித்தம். அப்போது காவல்துறைத் தலைமையகம் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றக் கட்டடத்தில் இருந்தது. அதில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எண்ணி, வானொலியிலும் அத்தனை காலடிகளை ஒலிக்க வைத்தார். ஒலிக்குறிப்புகளுக்கு மட்டும் ஐந்து பேர். கதவு திறக்கும், நாற்காலி நகரும், தொலைபேசிச் சுழல் வட்டம் ஏழு முறை சுழன்று திரும்பும், மறுமுனையில் மணி அடிக்கும். இதை எல்லாம் எந்த நாடகக்காரரும் வெட்டி எறிந்துவிடுவார். வெப் முழுதாக விட்டுவைத்தார். அந்தக் காத்திருப்பில்தான் கேட்பவர் விசாரணைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

ஒரே ஒரு பகுதிதான் கேட்க முடியும் என்பவருக்கு 1949 டிசம்பர் 22 அன்று ஒலிபரப்பான கிறிஸ்துமஸ் கதையைச் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு இரண்டு சிறுவர்களைக் காணவில்லை. ஒரு சிறுவனுக்குப் பரிசாகத் தருவதற்காகப் பெற்றோர் வாங்கி ஒளித்து வைத்திருந்த சிறிய துப்பாக்கி பெட்டியில் இல்லை. தேடல் நீள்கிறது. முடிவில் ஒரு சிறுவன் இறந்திருக்கிறான். துப்பாக்கியோடு ஓடும்போது தடுக்கி விழுந்ததில் வெடித்துவிட்டது. இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை, கைது இல்லை, துரத்தல் இல்லை. பண்டிகை வாரத்தில், குடும்பத்தோடு வானொலி கேட்கும் நேரத்தில் இதை ஒலிபரப்பியிருக்கிறார்கள். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தேசிய துப்பாக்கிச் சங்கமும் எதிர்ப்புத் தெரிவித்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் அதில் ஒரு வரிகூட மிகையாகத் தெரியவில்லை.

1949–51 என்று நான் வரம்பு போடுவதற்கு இன்னொரு காரணம் பார்ட்டன் யார்பரோ. ரொமேரோவாக நடித்தவர். டெக்சஸ் வாடை வீசும் பேச்சு. வண்டியில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தில் தன் உடல்நிலை, மனைவி, பிள்ளைகள் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். கல்யாணம் ஆகாத ஃப்ரைடே 'ம்' கொட்டுவார். இந்த இருவரின் சிறு பேச்சில் இருக்கும் இயல்பு பிறகு எந்தக் கூட்டாளியிடமும் அதே அளவு அமையவில்லை. தொலைக்காட்சியில் தொடர் தொடங்கிய அதே டிசம்பரில் யார்பரோ மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்குப் பதில் சத்தமில்லாமல் வேறு ஆளைப் போட்டு நகர்ந்துவிடாமல், ரொமேரோவும் மாரடைப்பில் இறப்பதாகவே ஒரு பகுதி எழுதி ஒலிபரப்பினார்கள். அதை முதலில் கேட்காதீர்கள். முந்தைய பகுதிகளைப் பத்தாவது கேட்ட பிறகு போனால்தான் அதன் கனம் தெரியும்.

வானொலிக்கு எதிராகச் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. ஒலிப்பதிவின் தரம் எல்லாவற்றிலும் சீராக இல்லை. சிலவற்றில் இரைச்சல் காதை அறுக்கும். நிகழ்ச்சியின் புரவலர் சிகரெட் நிறுவனம் என்பதால் நடுநடுவே புகைக்கச் சொல்லிக் கெஞ்சும் விளம்பரங்களையும் கடக்க வேண்டும். ஆங்கிலம் காதுக்குப் பழகாதவர்கள் வசன வரிகள் இல்லாமல் தவிப்போமோ என்று அஞ்சலாம். அஞ்ச வேண்டியதில்லை. வாக்கியங்கள் ஆறேழு சொற்களைத் தாண்டுவது அரிது. கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போகும். இன்றைய தொடர்களின் முணுமுணுப்பைவிட இது எவ்வளவோ தெளிவு.

பார்த்தால்தான் மனம் ஒட்டும் என்பவர்களுக்கு ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைத் தொடர் நல்ல இரண்டாம் தெரிவு. 276 பகுதிகள். பல பகுதிகள் அமெரிக்காவில் காப்புரிமை காலாவதியாகி, காசு கொடுக்காமலே இணையத்தில் கிடைக்கின்றன. நகர மன்றத்தை வெடிவைத்துத் தகர்ப்பேன் என்று ஒருவன் மிரட்டும் முதல் பகுதியில் வெப்பின் பாணி முழுதாகத் தெரிந்துவிடும். நடிகர்களை வசனம் மனப்பாடம் செய்ய விடமாட்டார். கேமரா பக்கத்தில் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து வாசிக்கச் சொல்வார். நடிப்பு எட்டிப் பார்த்துவிடக்கூடாது என்ற கவலை. முகத்துக்கு மிக நெருங்கிய காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அரங்கம் போட்டபோது நகர மன்றக் கதவுக் குமிழ்களுக்கு அச்செடுத்து அப்படியே வார்த்தார்கள் என்பது அன்றைய பத்திரிகைகள் ரசித்து எழுதிய செய்தி. 1954 மார்ச்சில் 'டைம்' இதழின் அட்டையில் வெப்பின் முகம். நாலு சுரத்தில் இடிக்கும் அந்தத் தொடக்க இசை இசைத்தட்டாகவும் விற்றது. அது தன் பழைய படம் ஒன்றின் இசையை ஒத்திருக்கிறது என்று இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஷா தரப்பு வழக்காட, பெயரில் பங்கு கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். ஃப்ரைடே சொல்வதாக உலகமே திருப்பிச் சொல்லும் 'விவரத்தை மட்டும் சொல்லுங்கள் அம்மா' என்ற வசனம் அதே வடிவில் தொடரில் வரவே இல்லை. 1953-ல் நகைச்சுவைக் கலைஞர் ஸ்டான் ஃப்ரீபர்க் வெளியிட்ட கேலி இசைத்தட்டு அதற்கு நெருங்கிய வடிவம் ஒன்றைப் பரப்பிவிட்டது.

இந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது தேதி ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தொலைக்காட்சி முன்னோட்டம் 1951 டிசம்பர் 16. தொடர் முறையாகத் தொடங்கியது 1952 ஜனவரி 3. இவை இரண்டுக்கும் நடுவே, கிறிஸ்துமஸ் அன்று, அதே லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையினர் காவலில் இருந்த ஏழு இளைஞர்களை அடித்து நொறுக்கினார்கள். அவர்களில் ஐவர் மெக்சிக்கோ வம்சாவளியினர். எட்டு அதிகாரிகள் மீது குற்றம் சாட்டப்பட்டது. வெளியே இப்படி நடக்க, வரவேற்பறைத் திரையில் ஃப்ரைடே மரியாதை குறையாமல் விசாரித்துக்கொண்டிருந்தார். வெப்புக்கும் காவல்துறைக்கும் இருந்த ஏற்பாடு எளிமையானது. அவர்கள் வழக்குக் கோப்பும் ஆலோசகர்களும் இடமும் தருவார்கள். இவர் கதையை அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குவார். 1950 முதல் தலைவராக இருந்த வில்லியம் பார்க்கருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறு என்ன வேண்டும்? தொடரின் துல்லியம் உண்மைதான். அது எதைக் காட்டத் தேர்ந்தெடுத்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. கதவுக் குமிழ் வரை சரியாக இருக்கும் ஒரு கட்டடத்தில் அந்த கிறிஸ்துமஸ் இரவுக்கு அறை இல்லை.

1954 திரைப்படத்தை விட்டுவிடலாம். வண்ணத்தில் இருக்கிறது, வெப்பே இயக்கியிருக்கிறார், தொடக்கக் கொலை முகத்தில் அறைகிறது. அரை மணி நேரத்துக்குப் பொருந்திய முறை ஒன்றரை மணி நேரத்தில் தொய்கிறது.

1967 வண்ணத் தொடரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹாரி மோர்கன் கூட்டாளி பில் கேனனாக வருகிறார். அவருடைய சமையல் பெருமைகளும் அசட்டுத் தத்துவங்களும் தொடரின் உயிர். இருவரும் 1951-ல் வந்த ஒரு படத்தில் அடியாட்களாக நடித்திருக்கிறார்கள் என்பதும், அதில் வெப் மோர்கனை உலோகம் பூசிய குழந்தைக் காலணியால் அடித்தே கொல்வார் என்பதும் தெரிந்தால் இந்த நட்பைப் பார்க்க இன்னும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் நாடு மாறியிருந்தது. 1965-ல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் ஆறு நாள் கலவரம், 34 பேர் பலி. காவல்துறை மீதான கோபம் வெளிப்படையாக எரிந்துகொண்டிருந்தது. பார்க்கர் 1966-ல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஃப்ரைடே திரும்பி வந்தபோது முதல் பகுதியே எல்எஸ்டி போதைப்பொருள் பற்றியது. முகத்தில் பாதி நீலமும் பாதி மஞ்சளும் பூசிக்கொண்ட இளைஞன் தலையை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கிறான். ஃப்ரைடே பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். வானொலியில் ஆறு சொல்லில் நிறுத்தத் தெரிந்தவர் இங்கே பத்தி பத்தியாக உபதேசம் செய்கிறார். ஃப்ரைடேவும் கேனனும் எல்லாப் பகுதிகளிலும் ஒரே உடையில் இருப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஒரு பகுதிக்கு எடுத்த நடக்கும் காட்சியை இன்னொரு பகுதியில் ஒட்டிக்கொள்ளலாம். செட்டுக்கு அது லாபம், கண்ணுக்கு அலுப்பு. அறுபதுகளின் அமெரிக்காவில் பெற்றோர் தலைமுறை எதைக் கண்டு நடுங்கியது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு இது முதல்தரமான ஆவணம். கலையாக ரசிக்க வருபவருக்கு ஐந்தாறு பகுதிகள் போதும்.

டிராக்நெட்டே வேண்டாம், அந்த மனிதரை அறிய வேண்டும் என்பவருக்கு வேறு பாதை. 1955-ல் அவர் இயக்கி நடித்த 'பீட் கெல்லீஸ் ப்ளூஸ்' பாருங்கள். 1927-ல் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஜாஸ் குழு, மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல். வெப் கார்னெட் என்ற ஊதுகருவி வாசிப்பவர். பாட எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட், பெகி லீ என்ற இரண்டு பாடகிகள் இருக்கிறார்கள். பெகி லீக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நடிகராக வெப் இதிலும் மரக்கட்டைதான். இயக்குநராக அவர் நிறத்தையும் நிழலையும் கையாள்வதைப் பார்த்தால், தன் சொந்த ஆசைக்கு ஒருமுறை செலவு செய்துகொண்டவர் தெரிகிறார். பங்கர் ஹில் வாடகை அறையில் கிடைத்த அந்த இசைத்தட்டின் கடன் இது.

படிக்க விரும்புபவருக்கு 1958-ல் அவர் எழுதிய 'தி பேட்ஜ்'. தொலைக்காட்சியில் காட்ட முடியாத வழக்குகள் அதில் உண்டு. துப்பு துலங்காத பிளாக் டாலியா கொலை உட்பட. பதினோராவது பிறந்தநாளுக்குக் கிடைத்த அந்தப் புத்தகம்தான் தன்னைக் குற்றக் கதைகளுக்குள் இழுத்தது என்று நாவலாசிரியர் ஜேம்ஸ் எல்ராய் சொல்லியிருக்கிறார். காவல்துறைக்குப் பல்லக்குத் தூக்கும் பக்கங்களைப் புரட்டிவிடலாம். வழக்குகளை எழுதியிருக்கும் இடங்களில் வானொலிக் குரல் கேட்கும்.

தயாரிப்பாளர் வெப்பிடம் போனால் 'ஆடம்-12', 'எமர்ஜென்சி' என்ற இரண்டு. முதலாவது 1968 முதல் 1975 வரை, சீருடைக் காவலர் இருவரின் ரோந்து. வெப் நடிக்கவில்லை என்பதாலேயோ என்னவோ, அவருடைய வண்ணக் காலத் தொடர்களில் இதுதான் இலகுவாக மூச்சு விடுகிறது. 1972-ல் தொடங்கிய 'எமர்ஜென்சி' அவசர மருத்துவ உதவியாளர்களைப் பற்றியது. அப்போது அமெரிக்காவில் அந்தச் சேவை சில ஊர்களில்தான் இருந்தது. தொடரைப் பார்த்துத்தான் இப்படி ஒன்று உண்டென்று பல ஊர்க்காரர்கள் அறிந்தார்கள். அதைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தவர்களும் நிறைய. செவிலியாக நடித்தவர் ஜூலி லண்டன், வெப்பின் முன்னாள் மனைவி. மருத்துவராக நடித்தவர் ஜூலியின் அப்போதைய கணவர் பாபி ட்ரூப். இருவரையும் ஒரே தொடருக்கு வேலைக்கு வைத்தவர் வெப். விறைப்பான மனிதர் என்று அவரைச் சொல்பவர்கள் இதை எங்கே பொருத்துவார்கள் என்று தெரியவில்லை. சினிமா ரசனைக்குச் சுமார், உலகத்துக்குச் செய்த நன்மைக்கு முதலிடம்.

வெப் 1982 டிசம்பர் 23 அன்று, 62 வயதில், மாரடைப்பில் இறந்தார். அவர் காவலராக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஃப்ரைடே அணிந்த 714 என்ற பேட்ஜ் எண் இனி யாருக்கும் கிடையாது என்று லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ் அறிவித்தார். இந்த அறிவிப்பில் உங்களுக்குப் பெருமிதம் வருகிறதா, சங்கடம் வருகிறதா என்பதைப் பொறுத்து உங்கள் இரண்டாவது தேர்வை மாற்றிக்கொள்ளலாம். பெருமிதம் என்றால் கறுப்பு வெள்ளைத் தொடர். சங்கடம் என்றால் 'பீட் கெல்லீஸ் ப்ளூஸ்'. முதல் தேர்வு இருவருக்கும் வானொலிதான்.

1987-ல் டான் ஆக்ராய்டும் டாம் ஹாங்க்ஸும் நடித்த நகைச்சுவைப் படம் ஒன்றும் இதே பெயரில் இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹாரி மோர்கன் அதில் பதவி உயர்ந்த கேனனாக எட்டிப் பார்ப்பார்; ஆக்ராய்ட் ஃப்ரைடேவின் குரலை அச்சு அசலாகப் பிடித்திருப்பார். அசலைப் பத்து மணி நேரமாவது கேட்டிருந்தால்தான் சிரிப்பு வரும்.